பாண்டிச்சேரி மாடிக்கு ஓர் ஆன்டெனா

செஞ்சியிலிருந்து பாண்டிச்சேரி அறுபத்தெட்டு கிலோமீட்டர். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருவண்ணாமலையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். தோளில் ஒரு துணிப்பை. கையில் நாளிதழ் சுற்றிய அரை மீட்டர் நீளக் கம்பி. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "மீன் புடிக்கவா போறீங்க?" என்றார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றேன்.

அது தூண்டில் அல்ல, கைரேடியோவுக்கான ஆன்டெனா. செஞ்சியில் நான் விதைக்கடை வைத்திருக்கிறேன். கடையை விட்டால் எனக்கு இருக்கும் ஒரே பித்து அமெச்சூர் ரேடியோ. அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, ஆளுக்கொரு அழைப்புக்குறியோடு காற்றில் பேசிக்கொள்கிற பொழுதுபோக்கு. பைசா வரும்படி கிடையாது. புயலில் போன் கோபுரங்கள் படுத்துவிட்டால் மட்டும் ஊர் எங்களைத் தேடும்.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், பாண்டிச்சேரி சுற்றுவட்டாரத்தில் எங்கள் குழுவில் ஒன்பது பேர். தினமும் காலை ஏழு மணிக்குக் காற்றில் கூடுவோம். திண்டிவனத்தில் மாவு மில் வைத்திருக்கும் மணி அண்ணன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் வந்ததும் "இருக்கேன்" என்று சொல்லி, நாலு வார்த்தை பேசிவிட்டு வழிவிட வேண்டும். மயிலத்துக்குப் பக்கத்தில் உயரமான ஒரு கட்டடத்தின் மேல் எங்கள் ரிப்பீட்டர் இருக்கிறது. எங்கள் கைசெட்டுகளின் சின்னக் குரலை வாங்கி, அதைப் பெரிதாக்கி, சுற்றுவட்டாரம் முழுக்க அனுப்புகிற பெட்டி அது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஜோசபின் அக்கா. அறுபதைத் தாண்டியவர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். இரண்டு மகன்களும் பிரான்ஸில். மூலக்குளத்தில் சொந்த வீடு இருந்தவரை, மாடியில் அக்காவே நட்ட கம்பத்தில் ஆன்டெனா கட்டி, எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாகக் கேட்பார். இந்த வருஷ நடுவில் மகன்கள் அந்த வீட்டை விற்றார்கள். அக்கா டவுனுக்குள் வாடகை வீட்டுக்கு மாறினார். அன்றிலிருந்து அவர் குரல் காற்றில் வரவில்லை.

நான் போன் செய்தபோதெல்லாம், "வீடு மாத்தின வேலை இன்னும் முடியலம்மா" என்பார். பிறகு, "இப்பல்லாம் ரேடியோ பண்றதில்ல" என்றார். போன புதன்கிழமை அவரே அழைத்தார்.

"அமுதா, அந்தக் கைசெட்டை வந்து எடுத்துக்க. உனக்காவது உதவும். எனக்கு செ ஃபினி."

முடிந்துவிட்டது என்று அர்த்தம். வருகிறேன் என்றேன். எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

திண்டிவனத்தில் கூட்டம் ஏறியது. கோரிமேட்டில் பஸ் பாதி காலியானது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மஞ்சள் பைகளில் எக்ஸ்ரே படங்களோடு இறங்கினார்கள். ஒன்பது மணிக்கு முன்பே பாண்டிச்சேரி பஸ் நிலையத்தில் இருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அக்கா வீடு இருக்கும் சுஃப்ரேன் வீதிக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். வழி முழுக்க, வார இறுதியில் வெளியூர்க் கார்கள் வந்து வீதிகளை அடைத்துக்கொள்வதைப் பற்றியே பேசினார்.

மஞ்சள் சுவரும் வெள்ளைத் தூண்களுமாக இருந்தது வீடு. கீழ்த்தளத்தை வீட்டுக்காரர் தண்டபாணி சுற்றுலாப் பயணிகளுக்கு அறை அறையாக விடுகிறார். வாசலில் செம்பருத்தித் தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "மதாம் வீட்டுக்கா? பின்பக்கப் படி" என்று கை காட்டினார். என் கையிலிருந்த கம்பியை இரண்டு தடவை பார்த்தார்.

அக்கா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "உன் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுதா?"

"விட்டுடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவருக்குக் காய்ச்சல் வந்ததை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை.

"உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"நீதான் சொன்னே. செவ்வாய்க்கிழமை காலையில, மணிகிட்ட. 'மூணு நாளா காய்ச்சல், கடையை நான் ஒண்டியா பாக்கறேன்'னு."

"நீங்கதான் ரேடியோ பண்றதில்லையே?"

"பண்றதில்ல. கேக்கறேன்."

சுவர்கள் ஓரடி கனம். கூடத்தில் கணவரின் ராணுவப் படம், அதன் கீழே ஒரு முக்காலி, முக்காலியின் மேல் கைசெட். அதன் ரப்பர் ஆன்டெனா ஒரு விரல் நீளம்தான் இருக்கும். செட்டோடு கடையிலேயே வருவது அது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வசதி, தூரத்துக்கு உதவாது. அக்கா செட்டை எடுத்துப் பட்டனை அழுத்தி, தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். நம் குரல் ரிப்பீட்டரை எட்டினால், பட்டனை விட்டதும் அது ஒரு கணம் 'ஸ்ஸ்' என்று இழுத்து 'டக்' என்று முடிக்கும். எட்டாவிட்டால் ஒன்றும் இருக்காது.

ஒன்றும் இல்லை.

"பாத்தியா? அங்கேருந்து எனக்கு எல்லாம் வருது. இங்கேருந்து ஒண்ணும் போகல" என்றார். பிறகு முக்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"தினம் ஏழு மணிக்கு இங்கதான் உக்காருவேன். மணி வரிசையா கூப்பிடுவான். 'பாண்டிச்சேரி ஜோசபின் அக்கா, இருக்கீங்களா?' நான் 'இருக்கேன் மணி'ன்னு சொல்வேன். அவன் கொஞ்ச நேரம் நிப்பான். 'அக்கா இல்ல போலிருக்கு'ன்னு சொல்லிட்டு அடுத்த பேருக்குப் போவான். மறுநாளும் கூப்பிடுவான். மறுநாளும் சொல்வேன். மாடிக்குப் போய்க்கூட சொல்லிப் பாத்தேன். ஆகல. தீபாவளி கழிச்சு ஒரு நாள் விழுப்புரத்துலேர்ந்து நேரா உன் பேருக்குப் போயிட்டான். என் பேரைக் கூப்பிடல. மறந்துட்டான்னு நெனச்சேன். அடுத்த நாளும் கூப்பிடல."

அந்தக் காலைகளில் எல்லாம் நானும் காற்றில் இருந்தேன். மணி அண்ணன் காத்திருந்த அந்தச் சில நொடிகள் எங்களுக்கு வெறும் மௌனம். இந்தக் கூடத்தில் அந்த நொடிகளில் ஒருவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"என்னன்னு? நான் பேசறது ரேடியோவுல கேக்கலன்னு போன்ல சொல்றதா? போன்தான் இருக்கே, எதுக்கும்மா அந்தப் பொம்மைன்னு பசங்க கேட்டானுங்க. நானும் போன்ல வந்து நின்னா அவனுங்க சொன்னது சரின்னு ஆயிடும்." செட்டை என் பக்கம் நீட்டினார். "எடுத்துக்க. கேக்காம இருந்தா பழகிடும்."

நான் வாங்கிக்கொண்டேன். வாங்கி, ரப்பர் ஆன்டெனாவைத் திருகிக் கழற்றினேன். நாளிதழைப் பிரித்து நீளக் கம்பியை எடுத்தேன். "இதை மாட்டிட்டு அப்புறம் பேசலாம்."

பொருந்தவில்லை. என் செட்டில் நடுவே ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், ஆன்டெனாவில் துளை இருக்கும். என் செட்டை நினைத்தே இந்தக் கம்பியை வாங்கியிருந்தேன். அக்காவின் செட்டு வேறு நாட்டுத் தயாரிப்பு. அதில் துளை செட்டில் இருந்தது. துளையும் துளையும் எப்படிச் சேரும்? பையிலிருந்த இன்னொரு ஆன்டெனாவும் அதே வகை முனைதான். அது பழைய தொலைக்காட்சிப் பட்டை வயரில் நானே வெட்டிச் செய்தது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். சுருட்டி எடுத்துப் போகலாம். எங்காவது உயரத்தில் தொங்கவிட வேண்டும். நடுவில் ஒரு இணைப்பு, இரண்டு பக்கமும் ஊசி உள்ளது, கிடைத்தால் போதும்.

"விடும்மா" என்றார் அக்கா.

"விடமாட்டேன். செருப்பைப் போடுங்க."

பதினோரு மணிக்கு நேரு வீதியில் இருந்தோம். சனிக்கிழமைக் கூட்டம். மூன்று கடைகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்கள். கண்காணிப்புக் கேமரா விற்கும் நாலாவது கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, பித்தளை நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நூற்றைம்பது ரூபாய். கடை வாசலிலேயே திருகிப் பார்த்தேன். ஒருபக்கம் செட்டில் ஏறியது, மறுபக்கம் கம்பி ஏறியது. அக்கா அதுவரை என் பின்னால் கடனே என்று வந்துகொண்டிருந்தார். இப்போது செட்டை என் கையிலிருந்து வாங்கினார். பட்டனை அழுத்தினார். சொன்னார். விட்டார்.

ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை. செட்டின் முதுகு சூடாகத் தொடங்கியிருந்தது.

"போதும், செட்டு போயிடும்" என்று பிடுங்கிக் கழற்றிப் பார்த்தேன். இணைப்பின் உள்ளே ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வைஃபை பெட்டிகளுக்கு இப்படி மாற்றிச் செய்கிறார்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். மரை சேரும், மின்சாரம் சேராது. என் கண் அதைக் கடையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

வெயில் ஏறிவிட்டது. புழுக்கம். கடைக்காரர் இணைப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, சென்னையிலிருந்து வரவழைக்கலாம், ஒரு வாரம் ஆகும் என்றார். அக்கா அதுவரை பிளாட்பாரத்தில் நின்று செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமெல்லாம் முடியாது" என்றார். எனக்குச் சொன்னாரா கடைக்காரருக்கா என்று தெரியவில்லை. "அமுதா, விசைப்படகுல ஒயர்லெஸ் வச்சிருக்கானுங்க இல்ல? அதை எங்க ரிப்பேர் பண்ணுவானுங்க?"

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஆட்டோ நூற்றியெண்பது ரூபாய். கேட்டதும் ஏறிவிட்டார். பேரம் பேச என்னை விடவில்லை.

துறைமுகத்தில் படகுகள் கரையோடு கரையாக நெருக்கியடித்து நின்றன. கடலில் காற்று அதிகம், யாரும் போகவில்லை. வலை கோப்பவர்கள் தார்ப்பாய் நிழலில் இருந்தார்கள். ஐஸ் உடைக்கும் இடத்தைத் தாண்டி வரிசையாக இருந்த கடைகளில், ஒன்றின் வெளியே வெள்ளை ஆன்டெனாக்கள் கரும்புக்கட்டு மாதிரி சாத்தியிருந்தன. உள்ளே முப்பது வயதுப் பெண் ஒருவர் ஒரு ஜிபிஎஸ் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, தோளில் போனை இடுக்கி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு, "சொல்லுங்க ஆன்ட்டி" என்றார்.

அக்காவே சொன்னார். கையடக்க செட்டு, துளை இந்தப் பக்கம், துளை அந்தப் பக்கம். நான் வாயைத் திறக்கவில்லை.

"எத்தினி பீஸ்?"

"ஒண்ணு."

"ரெண்டா வாங்கிக்கங்க ஆன்ட்டி. உப்புக்காத்துல ஒண்ணு பூத்துப் போயிடும்." ஒரு பிளாஸ்டிக் உறையைக் கிழித்து மேஜையில் கொட்டினார். இந்த முறை நான் இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முடி கனத்தில் தங்கநிற ஊசி, இரண்டு பக்கமும். ஒன்று இருநூற்றைம்பது ரூபாய். இரண்டு வாங்கினோம். பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டே, "எந்த போட்டு உங்களுது?" என்று கேட்டார்.

"போட்டு இல்லம்மா. மாடி" என்றார் அக்கா.

துறைமுகத்தில் சோதிக்க வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம் என்று அவர்தான் சொன்னார். வழியில் ஒரு ரொட்டிக்கடையில் நிறுத்தி நீள ரொட்டி இரண்டு வாங்கினார். மீன் குழம்புக்கு அவர் வீட்டில் அதுதான் தோது.

மதியம் இரண்டரை. கூடத்து ஜன்னல் மேற்கே பார்த்தது. ரிப்பீட்டர் வடமேற்கில், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். புதுக் கம்பியை மாட்டி, செட்டின் உடம்பிலிருந்து அதே நீளத்துக்கு ஒரு வயரைக் கீழே தொங்கவிட்டேன். ஆன்டெனாவுக்கு இன்னொரு பாதி வேண்டும். அந்த வால்தான் அந்தப் பாதி. அக்கா ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்று பட்டனை அழுத்தினார். அழைப்புக்குறியைச் சொன்னார். விட்டார்.

ஸ்ஸ். டக்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் என் செட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து, ரிப்பீட்டர் வழியாக வரும் அவர் குரலைக் கேட்க வேண்டும். வந்தது. ஆனால் கரகரவென்று, இரண்டு வார்த்தைக்கு ஒன்று அறுந்து, கல்லில் தேய்த்ததுபோல வந்தது. "பாண்... லேர்ந்து... சபின்..."

திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் பொய் கலந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"கதவைத் தட்டிட்டோம். உள்ள போகல. அதானே?" என்றார் அக்கா. "அப்ப மேல போகணும்."

மொட்டைமாடி பழைய காலத்துச் சுண்ணாம்புத் தளம். கைப்பிடிச் சுவருக்கு மேலே கோயில் கோபுரமும் தேவாலயக் கோபுரங்களும் தெரிந்தன. கிழக்கே இரண்டு கூரைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கடல். பட்டை வயர் ஆன்டெனாவைத் தொங்கவிட உயரமாக ஒன்றும் இல்லை. துணிக்கொடி இடுப்புக்கு மேல் கொஞ்சம்தான். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். அக்கா மூலையில் சாய்த்துவைத்திருந்த நீள மூங்கிலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"நட்சத்திரக் கம்பு. நாளைக்கு நட்சத்திரம் கட்டணும். நொயெல் வருது இல்ல?"

கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு முன்னாலிருந்தே அந்த வீதிகளில் நட்சத்திரம் ஏறிவிடும். மூங்கிலின் நுனிக்குக் கீழே பட்டை வயரை நைலான் நூலால் கட்டிக்கொண்டிருந்தபோது தண்டபாணி படியேறி வந்தார்.

"மதாம், என்னா இது?"

"நட்சத்திரம், தண்டபாணி."

"நட்சத்திரம் சரி. வயரு?"

அக்கா பொய் சொல்லவில்லை. ரேடியோவுக்கான ஆன்டெனா என்றார். தண்டபாணியின் முகம் மாறியது. அவர் கெட்ட மனிதர் அல்ல. முன்னால் குடியிருந்த ஒருவர் டிஷ் மாட்டத் தளத்தில் துளை போட்டு, மழை முழுக்கக் கீழ் அறையில் ஒழுகி, வந்த விருந்தாளிகள் நடு ராத்திரியில் காலி செய்துகொண்டு போனார்களாம். "இது செங்கல்லும் சுண்ணாம்பும் மதாம். ஒரு ஆணி அடிச்சா முடிஞ்சுது. அதுவும் இல்லாம இடி விழுந்தா யார் பொறுப்பு?"

"ஆணி அடிக்கல சார்" என்றேன். "கைப்பிடிச் சுவர்த் தூணோட கயித்துல கட்டறோம். இடி மழைன்னா வயரைக் கழட்டிட்டு கம்பையும் சாச்சிடலாம்."

"நான் உங்ககிட்ட பேசலம்மா."

அக்கா மூங்கிலைக் கீழே வைத்தார். "தண்டபாணி, நான் சொல்றேன். வாடகை குடுக்கறேன், சத்தம் போடறதில்ல, தண்ணி வீணாக்கறதில்ல. இது ஒண்ணு கேக்கறேன். நாலு மாசமா நான் பேசினது ஒருத்தருக்கும் கேக்கல."

அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. தூணைத் தொட்டுப் பார்த்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். "நட்சத்திரம் எப்ப எறங்கும்?"

"ஜனவரி ஆறு."

"அன்னிக்கு இதுவும் எறங்கணும்."

"எறங்கும்" என்றார் அக்கா. அவர் கீழே போன பிறகு என்னிடம், "ஏழாம் தேதிக்கு வேற வழி பாப்பேன்" என்றார். அப்போதே மழை பிடித்துக்கொண்டது. இடியும் சேர்ந்தது. சொன்ன வாக்குப்படி எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினோம். அன்று வேறு சோதனை இல்லை. இரவு நான் அங்கேயே தங்கினேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு மழை தூறலாகச் சிறுத்திருந்தது, இடி இல்லை. மூங்கிலை நிமிர்த்தித் தூணோடு இறுக்கிக் கட்டினோம். நுனியில் சிவப்புக் காகித நட்சத்திரம் பாலித்தீன் உறைக்குள்; அதற்குக் கீழே பட்டை வயர் நேராகத் தொங்கியது. அதன் மெல்லிய கேபிள் என் குடைக்குள் இறங்கி அக்காவின் கையிலிருந்த செட்டில் சேர்ந்தது. பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம். மணி கூப்பிடட்டும்."

ஏழு மணி. மணி அண்ணனின் குரல் பக்கத்தில் நிற்பதுபோல வந்தது. திண்டிவனத்தில் மழை, மில்லில் கரண்ட் இல்லை என்று தொடங்கினார். விழுப்புரம் இருக்கேன் என்றது. செஞ்சி அமுதா? நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "அமுதா ஊர்ல இல்ல போல" என்று தாண்டிப் போனார். ஒவ்வொரு பெயராகப் போய் ஏழாவதோடு முடிந்தது. அக்கா பெயர் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. குடையைப் பிடித்திருந்த கை வலித்தது.

"வேற யாராவது இருந்தா வரலாம்" என்றார் மணி அண்ணன்.

அக்கா பட்டனை அழுத்தினார். அழைப்புக்குறியை நிதானமாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார். விட்டார்.

ஸ்ஸ். டக். பிறகு நீண்ட மௌனம். நாலு மாதமாக அவர் கேட்டுவந்த அதே மௌனம் என்றுதான் நினைத்தேன்.

"யாரு?" என்றார் மணி அண்ணன். "மறுபடி சொல்லுங்க, யாரு?"

"பாண்டிச்சேரி. ஜோசபின்."

"அக்கா!" செட்டின் ஒலிபெருக்கி அதிர்ந்தது. "அக்கா, கண்ணாடி மாதிரி வரீங்க! எங்கக்கா போயிட்டீங்க இத்தினி நாளா?"

அக்கா பட்டனை அழுத்தினார். பிறகு, குரலை உயர்த்தாமல், "எங்கயும் போகல மணி. நீ கூப்பிட்டப்பல்லாம் இருக்கேன்னு சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்" என்றார்.

"இன்னிக்கு வரிசையை மறுபடி முதல்லேர்ந்து கூப்பிடறேன்" என்றார் மணி அண்ணன். "பாண்டிச்சேரி ஜோசபின் அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன் மணி."

நான் திரும்பிக்கொண்டேன். படிக்கட்டின் தலைமாட்டில் தண்டபாணி வாயில் பல்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. "அது எந்த ஊரு?" என்று கேட்டார். திண்டிவனம் என்றேன். "போன் இல்லாமயா?" என்றார். பிறகு கயிற்றின் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஜனவரி ஆறு" என்று ஞாபகப்படுத்திவிட்டு இறங்கிப் போனார்.

அன்று தேவாலயத்தில் பூசைக்குப் போய்வந்ததும் அக்கா என்னை உட்கார விடவில்லை. ஏழாம் தேதிக்கான வேலையை அன்றே ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் கம்பியிலிருந்து பட்டை வயரைத் தொங்கவிட்டால் எப்படி, பின்பக்க வேப்பமரத்தின் கிளையில் நூல் எறிந்து மேலே இழுத்தால் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஜன்னலில் பாதிக் குரல்தான் போனது. வேப்பமரத்தில், நாலாவது எறிதலில் நூல் சிக்கியது. குரல் முழுதாகப் போனது. மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவரிடம் எப்போது, எதை வைத்துக்கொண்டு பேசுவது என்று அக்கா அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டார். கேக் என்று முடிவானது. செட்டை நான் எடுத்துப்போவது பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். கூட்டம் தோளோடு தோள் உரசியது. பாறைகளில் அலை ஏறி ஏறி விழுந்தது. மூலக்குளத்து வீட்டை நினைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "வீட்டை இல்ல, அந்தக் கம்பத்தை" என்றார். "தனியா நட்டேன். அவர் கீழ நின்னுக்கிட்டு, விழுந்துடப் போற, விழுந்துடப் போறன்னு பிரெஞ்சுல கத்திக்கிட்டே இருந்தாரு." சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்குத் திருவண்ணாமலை பஸ் புறப்பட்டது. கடையைத் திறக்க வேண்டும். அக்கா பஸ் நிலையம் வருவதாகச் சொன்னார். ஏழு மணிக்கு மாடியில் இருங்கள், அதுதான் வழியனுப்புவது என்று நான் தடுத்துவிட்டேன். கோரிமேட்டில் எதிர்த்திசை பஸ்களிலிருந்து நோயாளிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊரின் எல்லையைத் தாண்டியதும் வயல்களில் தண்ணீர் நின்றது. எங்கள் செஞ்சிப் பக்கம் பாறையும் வெயிலும். மழை பெய்த சுவடு மறுநாள் இருக்காது. இங்கே பூமியே ஈரத்துணி மாதிரி இருக்கிறது. உயரமாக ஒன்றும் இல்லாத ஊர். குன்றின் அடியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிற எனக்கு உயரம் இனாமாகக் கிடைக்கிறது. இங்கே இருப்பவர்கள் ஒவ்வொரு அடி உயரத்தையும் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஏழு மணிக்குப் பஸ் மயிலத்தை நெருங்கியிருந்தது. ரிப்பீட்டர் பக்கத்திலேயே இருந்ததால் என் செட்டின் குட்டை ஆன்டெனாவே போதுமாக இருந்தது. காதில் கருவியை மாட்டிக்கொண்டேன். மணி அண்ணன் முதலில் பாண்டிச்சேரியைத்தான் கூப்பிட்டார். அக்கா இருக்கேன் என்றார். மழை விட்டுவிட்டது என்றார். அதோடு வழிவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.

"மணி, ஒரு நிமிஷம் எனக்குக் குடு. இது நம்ம ஒம்போது பேருக்கு இல்ல. வேற யாராவது, லைசென்ஸ் வாங்கிட்டு, நாங்க பேசறதெல்லாம் கேட்டுக்கிட்டு, பதில் சொல்லியும் எங்களுக்குக் கேக்காம உக்காந்திருக்கீங்களா? டவுன் சுத்துவட்டாரத்துல இருந்தா, உங்க சிக்னல் மயிலத்துக்குப் போகாட்டியும் என் மாடிக்கு நேரா வரலாம். நான் இப்ப அந்தப் பக்கம் திருப்பி வச்சிக் கேக்கறேன். பேச வேணாம். பட்டனை ரெண்டு தடவை அமுக்கி விடுங்க. போதும்."

காற்று அமைதியானது. ரிப்பீட்டர் நம் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் அனுப்பும்; அக்கா அந்த வாங்கும் அலைவரிசையை நேராகக் கேட்கும்படி செட்டைத் திருப்பியிருந்தார். அவர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பதை நானோ மணி அண்ணனோ கேட்க முடியாது. அது அந்த மூங்கிலுக்கு மட்டும் வருவது. பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பக்கத்து இருக்கைப் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் காதுக்கருவியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா?" என்றார் மணி அண்ணன்.

பதில் இல்லை.

"அக்கா, இருக்கீங்களா?"

"இரு மணி, இரு." அக்காவின் குரல் அவசரமாக வந்தது. "ரெண்டு தடவை வந்துது. இன்னொரு தடவை கேக்கறேன். யாரா இருந்தாலும் சரி, கேளுங்க. அரியாங்குப்பம் பக்கம்னா ஒண்ணு. மூலக்குளம் பக்கம்னா ரெண்டு."

இந்த முறை மணி அண்ணன் இடையில் பேசவில்லை.

"ஒண்ணு" என்றார் அக்கா. "அரியாங்குப்பம்."

"யாருக்கா அது?"

"தெரியல மணி. ஆனா இருக்காங்க."